மூடிய பீப்பாய்க்குள் ஒரு தாய்

(புனித மோனிக்கா திருநாளுக்கு முந்திய ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



உரோமையில் மறையியல் பயின்ற காலத்தில், ஆகஸ்டு மாதம் வந்துவிட்டால் எங்களைப் போன்ற மாணவக் குருக்களுக்கு வகுப்பு இருக்காது. இத்தாலியப் பங்குத்தந்தையர் அந்த மாதத்தில் ஓய்வுக்குப் போவார்கள். அவர்களுக்குப் பதிலாக நாங்கள் கிராமப் பங்குகளுக்குப் போய்த் திருப்பலி நிறைவேற்றுவோம். அப்படி ஓர் ஆண்டு, தமிழ்க் குருக்கள் இருவராகத் தொஸ்கானா பகுதியில் குன்றின்மேல் இருந்த ஒரு சிறு பங்குக்கு அனுப்பப்பட்டோம். ஆகஸ்டு 15, அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. திருப்பலி முடிந்ததும், எண்பது வயதை நெருங்கிய ஒரு பாட்டி எங்களை மதிய உணவுக்கு அழைத்துப் போனார்.

உணவு முடிந்த பிறகு, சிறிய கண்ணாடிக் குவளைகளில் தேன் நிறத்தில் ஏதோ ஊற்றி, பாதாம் பருப்பு போட்ட கெட்டியான பிஸ்கட்டும் வைத்தார். “தோன், இது வின் சாந்தோ. எங்கள் வீட்டிலேயே செய்தது” என்றார். அந்த ஊர்களில் குருவைத் ‘தோன்’ என்றுதான் அழைப்பார்கள். வின் சாந்தோ என்றால் புனித இரசம் என்று பொருள். “எங்கே வைத்திருக்கிறீர்கள், பாட்டி?” என்று கேட்டோம். திராட்சை இரசம் என்றால் நிலவறையில், குளிர்ச்சியான இருட்டில் இருக்கும் என்பதுதான் எங்கள் எண்ணம். பாட்டியோ எங்களைக் கீழே அழைத்துப் போகவில்லை. மேலே அழைத்துப் போனார்.

மரப்படியில் ஏறி, ஓட்டுக் கூரைக்கு அடியில் இருந்த அறைக்குள் நுழைந்தோம். உள்ளே ஒரே புழுக்கம். இரண்டே நிமிடத்தில் எங்கள் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. அந்த வெக்கையில், சுவரோரமாக, மரச்சட்டத்தின்மேல் ஐந்தாறு சிறிய பீப்பாய்கள் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் முகப்பிலும் சுண்ணாம்புக் கட்டியால் ஓர் ஆண்டு எழுதியிருந்தது. எல்லாவற்றின் வாயும் இறுக அடைத்துப் பூசியிருந்தது. அந்தச் சிறு பீப்பாய்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

அன்பர்களே, பீப்பாய் என்ற சொல்லே கடல் கடந்து நம்மிடம் வந்த சொல். போர்த்துக்கீசியர் ‘பிப்பா’ என்று சொன்னதை நம் முன்னோர் பீப்பா, பீப்பாய் என்று ஆக்கிக்கொண்டார்கள். 1542-ஆம் ஆண்டில் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்த காலத்தில், அந்நாட்டுக் கப்பல்களில் தண்ணீரும் திராட்சை இரசமும் பீப்பாய்களில்தான் வந்தன. ஆனால் பீப்பாயின் வயது அதைவிட மிகவும் கூடுதல். உரோமை நகரில் பேரரசர் திராயானின் வெற்றித் தூண் ஒன்று இருக்கிறது. கி.பி. 113-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் அடிப்பகுதியில், தன்யூப் ஆற்றங்கரையில் படகில் பீப்பாய்கள் இருப்பதை இன்றும் கல்லில் காணலாம். அந்தத் தூணின் உச்சியில் 1587-ஆம் ஆண்டு முதல் புனித பேதுருவின் உருவம் நிற்கிறது. உச்சியில் திருத்தூதர், அடியில் பீப்பாய். நாங்கள் அந்த வழியே நடக்கும்போதெல்லாம் அண்ணாந்து பேதுருவைப் பார்ப்போம். பீப்பாயைப் பார்த்தது அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய்வந்த பிறகுதான்.

பீப்பாய் செய்வது எளிய வேலை அல்ல. ஆணி கிடையாது, பசை கிடையாது. நடுவில் அகன்று முனையில் குறுகிய பலகைகளைச் சேர்த்து நிறுத்தி, நெருப்பின் சூட்டிலும் நீரின் ஈரத்திலும் வளைத்து, வளையம் போட்டு இறுக்குகிறார்கள். உள்ளே ஊற்றிய நீர்மத்தில் மரம் ஊறி உப்பும்போதுதான் பலகைகள் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்தி நிற்கின்றன. வெறுமையாகக் கிடக்கும் பீப்பாய் காய்ந்துபோகும்; காய்ந்த பீப்பாய் ஒழுகும். இதைக் கேட்கும்போதே நம் குடும்ப செபத்தை நினைத்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறோம்.

பாட்டி வீட்டில் பார்த்த சிறு பீப்பாயைத் தொஸ்கானா மக்கள் ‘காரத்தெல்லோ’ என்கிறார்கள். பிரான்சின் பொர்தோவில் பயன்படும் பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். காரத்தெல்லோ அதைவிடச் சிறியது. 50 லிட்டர் மட்டுமே கொள்ளக்கூடியதும் உண்டு. முன்னாளில் பெரும்பாலும் செஸ்ட்நட் மரத்தில் செய்தார்கள். இப்போது ஓக் மரத்தில் அதிகம் செய்கிறார்கள்.

வின் சாந்தோ செய்யும் முறை இது. திரெபியானோ, மால்வாசியா என்னும் வெள்ளைத் திராட்சை வகைகளில் நல்ல குலைகளாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். உடனே பிழிவதில்லை. கூரை உத்திரத்தில் கொக்கி மாட்டித் தொங்கவிடுகிறார்கள், அல்லது நாணல் பாயில் பரப்பி வைக்கிறார்கள். அறுவடை முடிந்து குளிர்காலம் வரும்வரை, மாதக்கணக்கில் பழம் சுருங்கிக் காய்கிறது. டிசம்பர் முதல் மார்ச்சு வரை, அவரவர் வழக்கப்படி பிழிகிறார்கள். கிடைக்கும் சாறு மிகவும் குறைவு; ஆனால் தேன் போல இனிப்பானது. அதைக் காரத்தெல்லோவில் ஊற்றி, வாயை அடைத்து, அரக்கோ சிமெண்டோ பூசிவிடுகிறார்கள். பிறகு மூன்று ஆண்டுகள், நான்கு ஆண்டுகள், சிலர் வீட்டில் பத்து ஆண்டுகள்கூட, திறப்பதில்லை.

அதை ஏன் கூரைக்கு அடியில் வைக்கிறார்கள்? நாங்களும் கேட்டோம். பாட்டி சொன்னார்: “கோடையில் வெயில் அதை எழுப்பும். குளிர்காலத்தில் பனி அதைத் தூங்கவைக்கும். எழுந்து எழுந்து தூங்கினால்தான் அது வின் சாந்தோ ஆகும்.” அவர் சொன்னது உண்மை. வெப்பத்தில் சாறு நொதிக்கிறது. குளிரில் நொதித்தல் நின்றுபோகிறது. அடுத்த கோடையில் மறுபடி தொடங்குகிறது. நிலவறையின் சீரான குளிர் இதற்கு உதவாது. வெக்கையும் வேண்டும், பனியும் வேண்டும்.

இதற்குப் புனித இரசம் என்று பெயர் வந்ததற்குப் பல கதைகள் சொல்கிறார்கள். திருப்பலிக்குப் பயன்பட்டதால் வந்த பெயர் என்பார்கள். பதினான்காம் நூற்றாண்டில் கொள்ளைநோய் பரவியபோது ஒரு துறவி நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தார் என்பார்கள். 1439-இல் பிளாரன்ஸ் பொதுச்சங்கத்துக்கு வந்த கிரேக்க ஆயர் பெசாரியோன் குடித்துப் பார்த்துச் சொன்ன ஒரு சொல்லிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். கதைகள் இருக்கட்டும். எங்கள் மனத்தைத் தொட்டது வேறொன்று.

ஒரு பீப்பாயைத் திறந்து இரசத்தை எடுத்த பிறகு, அடியில் குழைந்த சேறு போல ஒரு படிவு தங்கியிருக்கும். அதைக் கழுவி ஊற்றிவிடுவதில்லை. அடுத்த ஆண்டின் புதிய சாற்றை அதன்மேலேயே ஊற்றுகிறார்கள். முந்தைய இரசத்தை ஆக்கிய நுண்ணுயிர்கள் அதில் தங்கியிருக்கும். அவை புதிய சாற்றையும் பக்குவப்படுத்தும் என்பது அவர்கள் அனுபவம். அந்தப் படிவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மாத்ரே’. மாத்ரே என்றால் தாய். வெளியே தெரியாது, குவளையில் வராது, யாரும் அதைப் புகழ மாட்டார்கள். ஆனால் தாய் இல்லாமல் வின் சாந்தோ இல்லை என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

நேயர்களே, எங்களுக்கு அப்போது இளம் வயது. ஆர்வம் தாங்கவில்லை. “பாட்டி, அந்த ஓரத்தில் இருப்பதைக் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன், உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்” என்று கேட்டுவிட்டோம். பாட்டி சிரித்தார். “ஆயரே வந்து கேட்டாலும் நேரம் வராமல் திறக்க மாட்டேன், தோன். பார்க்கவேண்டும் என்று திறந்தால் பார்த்ததோடு முடிந்துவிடும்” என்றார்.

“உள்ளே நன்றாகத்தான் இருக்கும் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டோம். அவர் சிரிப்பு நின்றது. “தெரியாது” என்றார். ஓர் ஆண்டு திறந்தபோது இரண்டு பீப்பாய்கள் காடியாகப் புளித்துப் போயிருந்தனவாம். நான்கு ஆண்டுக் காத்திருப்பு வீண். தாயும் கெட்டுப்போயிற்று. “என்ன செய்தீர்கள்?” என்றோம். “அழுதேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரி தன் பீப்பாயிலிருந்து ஒரு கரண்டி தாய் கொடுத்தாள். வேறொரு பீப்பாயில் மறுபடி தொடங்கினேன்” என்றார். நாங்கள் இருவரும் பேசாமல் படியிறங்கி வந்தோம்.

அன்பர்களே, இப்போது நற்செய்திக்கு வருவோம். மத்தேயு 9-ஆம் அதிகாரம், மாற்கு 2-ஆம் அதிகாரம், லூக்கா 5-ஆம் அதிகாரம் ஆகிய மூன்றிலும் ஆண்டவர் ஓர் உவமை சொல்கிறார். புதிய திராட்சை இரசத்தைப் பழைய தோற்பையில் யாரும் ஊற்றுவதில்லை. ஊற்றினால் பை வெடித்து, இரசமும் கொட்டி, பையும் பாழாகும் என்கிறார். பாலஸ்தீனத்தில் அந்நாளில் மரப்பீப்பாய் வழக்கத்தில் இல்லை. ஆட்டுத்தோல் பையும் மண்சாடியும்தான். புதிய தோல் நெகிழும். இரசம் நொதித்துப் பொங்கும்போது தோலும் விரிந்து கொடுக்கும். பழைய தோல் ஏற்கெனவே விரிந்து, காய்ந்து, விறைத்திருக்கும். அது விரியாது, வெடிக்கும்.

அப்படியானால் தொஸ்கானாப் பாட்டி ஆண்டவர் சொன்னதற்கு எதிராகவா செய்கிறார்? புதிய சாற்றைப் பழைய பீப்பாயில்தானே ஊற்றுகிறார்! பல ஆண்டுகள் பழகிய பீப்பாயில், பழைய தாயின்மேல் ஊற்றுகிறார். அது ஏன் வெடிக்கவில்லை? இந்தக் கேள்வியை நாங்கள் அன்றைக்கு அவரிடமே கேட்டோம். பாட்டி மறையியல் படித்தவர் அல்ல. ஆனால் அவர் சொன்ன பதில் எந்த வகுப்பிலும் எங்களுக்குக் கிடைக்காதது. “நிறைய ஊற்ற மாட்டோம், தோன். மேலே இடம் விடுவோம். இடம் விடாவிட்டால் பீப்பாய் உடைந்துவிடும்” என்றார்.

இடம் விடுவோம்! அன்பார்ந்தவர்களே, ஆண்டவர் முதுமையைக் குறை சொல்லவில்லை. நெகிழ்வு இழந்த உள்ளத்தைத்தான் குறை சொன்னார். நோன்பைப் பற்றிக் கேள்வி கேட்டு வந்தவர்களுக்குச் சொன்ன பதில் அது. அவர்களிடம் பக்தி இருந்தது, ஒழுங்கு இருந்தது, நோன்பு இருந்தது. புதியது ஒன்று பொங்குவதற்கு இடம்தான் இல்லை. பழைய பீப்பாயில் இரண்டு நன்மைகள் உண்டு: உள்ளே ஒரு தாய் இருக்கிறாள், மேலே ஓர் இடம் இருக்கிறது. நம் பங்கு மன்றங்களில், நம் அன்பியங்களில், நம் வீட்டுத் திண்ணைகளில் பெரியவர்கள் இந்த இரண்டையும் வைத்திருந்தால், இளையோர் எவ்வளவு பொங்கினாலும் ஒன்றும் உடையாது.

ஆனால் இன்று நாம் பேசவேண்டியது இன்னும் கடினமான ஒன்று. இடமும் விட்டோம், தாயும் காத்திருக்கிறாள், ஆண்டுகளும் போகின்றன. உள்ளே இனிப்பா புளிப்பா தெரியவில்லையே! அந்த வேதனையைப் பற்றிப் பேசவேண்டும்.

ஆகஸ்டு 27 புனித மோனிக்காவின் திருநாள். மகன் அகுஸ்தீனுக்காகக் கண்ணீர் விட்ட தாய் என்று அவரை நாம் எல்லாரும் அறிவோம். அவருடைய சிறு வயதில் ஒரு பீப்பாய்க் கதை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அகுஸ்தீன் தம் ‘ஒப்புரைகள்’ என்னும் நூலின் ஒன்பதாம் பகுதியில் அதை எழுதியிருக்கிறார். வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியா நாட்டில், கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த பெண் மோனிக்கா. அடக்கமான பெண் என்று நம்பிப் பெற்றோர் அவரைத்தான் பீப்பாயிலிருந்து திராட்சை இரசம் எடுத்துவர அனுப்புவார்கள். குவளையை மேலிருந்து விட்டு மொண்டு, குடுவையில் ஊற்றுவதற்கு முன், உதட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பாராம். குடிக்கும் ஆசை அல்ல, சிறுபிள்ளைத் துடுக்கு. ஆனால் ஒரு சொட்டு நாளுக்கு நாள் கூடி, கடைசியில் ஏறக்குறைய நிறைந்த சிறு குவளைகளையே குடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

வீட்டில் கண்டிப்பான ஒரு மூதாட்டி இருந்தார். உணவு நேரம் தவிரத் தண்ணீர்கூடக் குடிக்க விடமாட்டார். அந்தக் கண்டிப்பால் இதைத் தடுக்க முடியவில்லை. ஒருநாள் கூடவந்த பணிப்பெண் ஏதோ சண்டையில், கோபத்தில், ‘குடிகாரி’ என்று திட்டிவிட்டாள். அந்தச் சொல் மோனிக்காவின் நெஞ்சில் தைத்தது. தம்மைத் தாமே பார்த்தார். அன்றோடு விட்டுவிட்டார். திருத்தவேண்டும் என்று சொன்னவள் அல்ல அந்தப் பணிப்பெண், புண்படுத்தவே சொன்னாள். ஆனாலும் கடவுள் அந்தக் கோபச் சொல்லையே மருந்தாக்கினார் என்று அகுஸ்தீன் வியக்கிறார்.

இதை நாம் கவனிக்கவேண்டும். மோனிக்கா, வழிதவறுவது என்றால் என்ன என்று தெரியாத தாய் அல்ல. சொட்டுச் சொட்டாக ஒரு பழக்கம் எப்படி ஆளைப் பிடிக்கும் என்று அறிந்தவர். அதனால்தான் தம் மகனை வெறுக்காமல் காத்திருக்க முடிந்தது என்று நினைக்கிறோம். ஓர் ஆயரிடம் போய், ‘என் மகனிடம் பேசுங்கள்’ என்று கெஞ்சினார். ‘இப்போது பேசிப் பயனில்லை, செபியுங்கள்’ என்று ஆயர் மறுத்தார். மோனிக்கா விடவில்லை. ஆயருக்கே சலிப்பு வந்துவிட்டது. இவ்வளவு கண்ணீருக்கு உரிய மகன் கெட்டுப்போக மாட்டான் என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தார். ஆண்டுகள் பல சென்றன. 387-ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில், மிலான் நகரில், புனித அம்புரோசின் கையால் அகுஸ்தீன் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டில், ஊர் திரும்பும் வழியில், உரோமைக்கு அருகே ஒஸ்தியாத் துறைமுகத்தில், 56 வயதில் மோனிக்கா இறந்தார். பீப்பாய் திறந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கண் மூடினார்.

நேயர்களே, இங்கே எங்கள் பிழை ஒன்றை அறிக்கையிட வேண்டியிருக்கிறது. நாங்கள் பணியாற்றிய ஒரு பங்கில் ஒரு தாய் இருந்தார். ஒரே மகன், குடிக்கு அடிமை. ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்ததும் அறைவீட்டு வாசலில் வந்து நிற்பார். “சாமி, அவனுக்காக ஒரு பூசை வையுங்க” என்பார். முதல் ஆண்டு ஆறுதல் சொன்னோம். இரண்டாம் ஆண்டு புத்தி சொன்னோம். மூன்றாம் ஆண்டில் எங்களுக்கும் சலிப்பு வந்துவிட்டது. மகன் இரண்டு முறை சிகிச்சைக்குப் போய் இரண்டு முறையும் திரும்பி வந்து குடித்தான். ஒருநாள், “அம்மா, இனி அவன் திருந்த மாட்டான். உங்க உடம்பப் பாருங்க. அவன மறந்துடுங்க” என்று சொல்லிவிட்டோம்.

அந்தத் தாய் எங்களைக் கோபிக்கவில்லை. “சாமி, மறக்குறதுக்கு அவன் என்ன வாங்குன கடனா? வயித்துல கிடந்தவனாச்சே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறும் வந்து நின்றார். ஆனால் எங்களிடம் வரவில்லை. மாதா கெபியின் முன்னால் நின்றுவிட்டுப் போய்விட்டார். அந்த ஞாயிறு எங்களுக்கு மறையுரை அவர்தான்.

தொஸ்கானாவில், நேரம் வராமல் மூடியைத் திறக்கக் கேட்ட அதே இரண்டு அவசரக்காரர்கள் எங்களுக்குள் இன்னும் இருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே, காடி என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். பிறகு அந்த மகன் மூன்றாம் முறையாகச் சிகிச்சைக்குப் போனான். கடந்த திருவருகைக் காலம் முதல் இன்றுவரை அவன் குடிக்கவில்லை. இன்றுவரை என்றுதான் சொல்கிறோம். நாளையைப் பற்றி அவனும் சொல்வதில்லை, அவன் தாயும் சொல்வதில்லை. இதை வானொலியில் சொல்லலாமா என்று அவர்களிடம் கேட்டோம். “சொல்லுங்க சாமி, எங்கயாச்சும் ஒரு தாய் கேக்கட்டும்” என்றார் அந்த அம்மா.

அதே நேரத்தில் வேறொன்றையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பீப்பாயும் இனிப்பாகத் திறப்பதில்லை. செபித்த எல்லாத் தாய்மாரும் பிள்ளை திரும்பியதைக் கண்ணால் கண்டதில்லை. மகனை இழந்தவர்கள் இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ‘உங்கள் செபம் போதவில்லை’ என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அது பொய். உங்கள் கண்ணீர் கடவுளுக்குத் தெரியும். பிரான்சிலும் ஸ்காத்லாந்திலும் பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் காற்றில் கரைந்துபோகும் அளவை ‘வானதூதர்களின் பங்கு’ என்பார்கள். நமக்கு இழப்பாகத் தெரிவது அங்கே கணக்கில் இருக்கிறது என்ற நம்பிக்கை அந்தப் பேச்சுவழக்கிலும் இருக்கிறது.

காத்திருப்பது என்றால் அடிவாங்கிக்கொண்டு இருப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பவனிடம், பிள்ளைகளை மிரட்டுபவனிடம், ‘பொறுத்துக்கொண்டு இரு’ என்று சொல்வது நற்செய்தி அல்ல. இடம் விடாத பீப்பாய் உடைந்துபோகும் என்றார் பாட்டி. சில நேரங்களில் இடம் விடுவது என்றால் விலகியிருப்பது. தாய்வீட்டுக்குப் போவது, காவல்துறைக்குப் போவது, பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழைப்பது. விலகியிருந்தும் ஒருவருக்காகச் செபிக்க முடியும். குடி ஒரு நோய். நோய்க்குச் செபமும் வேண்டும், மருத்துவமும் வேண்டும். போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா உதவி எண் 14446. 1935-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியிலிருந்து மீளத் துடித்த இருவர் சந்தித்துத் தொடங்கியதுதான் ஏ.ஏ. இயக்கம். இன்று நம் ஊர்களிலும் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. கெட்டுப்போன பீப்பாய்க்காரிக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கரண்டி தாய் கொடுத்தது போல, மீண்டவர் ஒருவர் மீளத் துடிப்பவருக்குத் தம் அனுபவத்தைக் கொடுக்கும் இடம் அது.

இந்த நோய் குருக்களை விட்டுவிடும் என்றும் நினைக்காதீர்கள். திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து வந்ததாக, இயற்கையானதாக, கெட்டுப்போகாததாக இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம், 924-ஆம் எண். ஆனால் குடிநோயால் துன்புறும் குரு, தம் ஆயரின் இசைவு பெற்று, நொதித்தல் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைக் கொண்டு திருப்பலி நிறைவேற்றத் திருச்சபை இடம் கொடுத்திருக்கிறது. பாருங்கள், தாய்த் திருச்சபை பலிபீடத்திலேயே ஒரு நோயாளி மகனுக்கு இடம் விட்டிருக்கிறாள். ‘உனக்கு இந்த நோயா, வெளியே போ’ என்று சொல்லவில்லை. அப்படியிருக்க, நம் கோவில் பெஞ்சில் குடியை விட முயன்று ஒருவர் வந்து உட்காரும்போது நாம் நகர்ந்து இடம் கொடுக்கவேண்டாமா? ‘இவனா, பூசைக்கா?’ என்று முகம் சுளித்தால், ஊற்றவந்த புதிய இரசத்தை நாமே கொட்டிவிடுகிறோம்.

அன்பார்ந்தவர்களே, இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். நம் வீட்டில் அல்லது தெருவில், ‘இனித் திருந்த மாட்டான், இனித் திருந்த மாட்டாள்’ என்று நாம் தீர்ப்பு எழுதிவிட்ட ஒருவரின் பெயரை நினைத்து, அந்தத் தீர்ப்பை அழிப்போம். காத்திருந்து களைத்துப்போன ஒரு தாயை, ஒரு மனைவியைப் போய்ப் பார்ப்போம். புத்தி சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தால் போதும். ஆகஸ்டு 27 அன்று குடும்பமாக ஒரு செபமாலை சொல்லி, குடிநோயில் தவிக்கும் எல்லாரையும் புனித மோனிக்காவிடம் ஒப்படைப்போம்.

அந்தப் பாட்டியை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை. கூரைக்கு அடியில் அந்த ஓரத்துப் பீப்பாயில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதும் நல்லதே. ஒவ்வோர் ஆகஸ்டு வெயிலிலும் அது நினைவுக்கு வருகிறது. மூடிய இருட்டுக்குள், வெக்கையில், யாரும் பார்க்காத நேரத்தில், ஏதோ ஒன்று எழுந்து வேலை செய்கிறது.

செபிப்போம். ஆண்டவரே, கானாவூரில் இரசம் தீர்ந்துபோனதை முதலில் கவனித்தவர் உம் தாய். எங்கள் வீடுகளில் மகிழ்ச்சி தீர்ந்துபோனதையும் அவர் கவனித்து உம்மிடம் சொல்லட்டும். எங்கள் பிள்ளைகளுக்குள், எங்கள் கணவருக்குள், எங்களுக்குள் உம் ஆவியார் செய்யும் வேலையை நாங்கள் அவசரப்பட்டுக் கெடுக்காதிருக்க எங்களுக்குப் பொறுமை தாரும். பொங்கிவரும் புதுமைக்கு இடம் விடும் உள்ளம் தாரும். காத்திருந்து கண்ணீர் விடும் எல்லாத் தாய்மாரையும் உம் கையில் தாங்கிக்கொள்ளும். ஆமென்.